களியும் சாயமும் ஒளியும்: புரதத்தைக் கண்ணால் கண்ட வரலாறு

சிறிதளவு இரத்தத்தைக் கண்ணாடிக் குழலில் எடுத்து உறைய விட்டால், சற்று நேரத்தில் உறைகட்டி கீழே தங்க, மேலே வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு தெளிநீர் நிற்கும். சீரம் என்று மருத்துவர்கள் சொல்லும் அந்தத் தெளிநீரில் பல நூறு வகைப் புரதங்கள் கரைந்திருக்கின்றன. இரும்பை ஏற்றிச் செல்வது ஒன்று, நோய்க்கிருமியை எதிர்ப்பது ஒன்று, கொழுப்பைச் சுமப்பது இன்னொன்று. இதயத் தசை சிதைந்தால் ட்ரோபோனின் என்னும் புரதம் இரத்தத்தில் கசியும். சிறுநீரகம் பழுதுபட்டால் அல்புமின் சிறுநீரில் இறங்கும். ஓர் உயிரின் நிலையைச் சொல்லக்கூடிய இத்தனை செய்திகளும் அதில் இருந்தும், நம் கண்ணுக்கு அது வெறும் நீராகவே தெரிகிறது.

காண முடியாத இப்பொருளை மனிதர் எவ்வாறு கண்டனர் என்பதே இக்கட்டுரையின் பொருள். இன்றைய ஆய்வுக்கூடங்களில், நீர் நிறைந்த மென்மையான களிக்குள் ஒளிரும் நானோ துகள்களைப் பதித்து, புரதம் வந்து சேர்ந்ததை அத்துகள்களின் ஒளி மாறுவதைக் கொண்டு அறியும் முறைகள் உருவாகியுள்ளன. நானோ என்ற சொல்லைக் கேட்டதும் இவை யாவும் நேற்று முளைத்தவை என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் இதன் பின்னால் ஒன்றரை நூற்றாண்டுப் பாதை இருக்கிறது. அது அடுக்களை வழியாகவும், துணிக்குக் கஞ்சி போடும் முற்றத்தின் வழியாகவும், கம்பளிக்குச் சாயம் ஏற்றும் ஆலையின் வழியாகவும், வண்ணக் கண்ணாடி வழியாகவும் வந்த பாதை. அதில் நடந்தவர்களுள் சிலருடைய பெயர் பாடநூல்களில் இருக்கிறது; சிலருடையது இல்லை. நிறமற்றதற்கு நிறம் கொடுத்த ஒரு கலையின் வரலாற்றில் யார் கண்ணுக்குத் தெரிகிறார்கள், யார் தெரியாமற் போனார்கள் என்பதையும் சேர்த்தே நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

கூழும் களியும்

புரதத்தைக் குறிக்கும் ‘புரோட்டீன்’ என்ற சொல் 1838இல் அச்சேறியது. சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்ஸீலியஸ் கடிதத்தில் எழுதித் தந்த அச்சொல்லை, நெதர்லாந்தைச் சேர்ந்த முல்டர் தம் கட்டுரையில் வழங்கினார். முதன்மையானது என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து அது ஆக்கப்பட்டது. பெயர் கிடைத்துவிட்டது, பொருள் பிடிபடவில்லை. சர்க்கரையும் உப்பும் நீரில் கரைந்து, காய்ந்ததும் படிகமாகத் திரும்பி வருகின்றன. முட்டையின் வெண்கரு அப்படித் திரும்புவதில்லை.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு வரம்பு கட்டியவர் தாமஸ் கிரஹாம். கிளாஸ்கோவில் பிறந்து, பின்னாளில் இலண்டனில் நாணயச்சாலைத் தலைவராகப் பணியாற்றியவர். பதப்படுத்திய தாளின் வழியே உப்பு எளிதில் கசிந்து வெளியேறுவதையும், பசை போன்ற பொருள்கள் உள்ளேயே தங்கிவிடுவதையும் கண்ட அவர், 1861இல் பின்னவற்றுக்குக் ‘கொலாய்டு’ என்று பெயரிட்டார். பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். தமிழில் நாம் அதைக் கூழ்மம் என்கிறோம்.

இங்கே நம் அடுக்களைச் சொற்கள் அறிவியலுக்கு நன்றாகவே துணைநிற்கின்றன. கூழ் ஓடும், சட்டியைச் சாய்த்தால் வழியும். களி நிற்கும்; உருட்டி வைத்தால் உருண்டையாகவே இருக்கும். இரண்டிலும் மாவைவிட நீரே மிகுதி. ஆங்கிலம் வழியே வந்த ‘ஜெல்’ என்ற சொல்லுக்கு நம்மிடம் உள்ள நெருங்கிய சொல் களியே. நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகி, தம்மைப் போலப் பல மடங்கு நீரை அவ்வலைக்குள் சிறைப்படுத்தி நிற்கும் நிலை அது. ‘ஹைட்ரோஜெல்’ என்பதை இக்கட்டுரையில் நீர்க்களி என்று வழங்குவோம். அந்த வலையின் கண்கள் எவ்வளவு பெரியவை என்பதுதான் பின்வரும் வரலாறு முழுவதிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்வி.

அடுக்களையிலிருந்து ஒரு யோசனை

1881ஆம் ஆண்டு. பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வால்தர் ஹெஸ்ஸ என்ற மருத்துவர் காற்றில் மிதக்கும் நுண்ணுயிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். நுண்ணுயிரைத் தனித்தனியே வளர்க்க ஜெலட்டின் களியைப் பயன்படுத்துவது அங்கே வழக்கம். அதற்கு இரண்டு குறைகள். மனித உடலின் வெப்பத்துக்குக் கொண்டுசென்றால் ஜெலட்டின் உருகிவிடும். சில நுண்ணுயிர்கள் அதையே தின்று நீராக்கிவிடும்.

இதற்கு வழி சொன்னவர் அவருடைய மனைவி ஃபானி ஹெஸ்ஸ. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த அவர், கணவரின் ஆய்வுகளுக்கு உதவியாளராகவும் ஓவியராகவும் இருந்தார். கோடையிலும் குலையாத பழக்களி செய்ய அவர் அடுக்களையில் அகர் பயன்படுத்துவது உண்டு. சாவகத்தில் வாழ்ந்து திரும்பிய டச்சுக் குடும்பத்து நட்பின் வழியே அவர் அதை அறிந்திருந்தார். நூறு பங்கு நீருக்கு ஒன்றரைப் பங்கு அகர் போதும். ஏறத்தாழ 85 பாகை செல்சியசுக்கு மேல் உருகும். 40 பாகைக்குக் கீழே இறங்கிய பின்பே உறையும். பெரும்பாலான நுண்ணுயிர்களால் அதைத் தின்ன முடியாது.

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்த 1882ஆம் ஆண்டுக் கட்டுரையில் கோக் அகரைக் குறிப்பிட்டார். அது யார் சொன்ன யோசனை என்று குறிப்பிடவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, 1887இல், அதே ஆய்வுக்கூடத்தின் ரிச்சர்ட் பெட்ரி அக்களியை ஊற்றிவைக்க மூடியுள்ள தட்டையான கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை விவரித்து எழுதினார். இன்று உலகெங்கும் பள்ளி மாணவரும் அதைப் பெட்ரித் தட்டு என்றே அறிவர். தட்டுக்குப் பெயர் வாய்த்தது. அதில் நிற்கும் களிக்கு வாய்க்கவில்லை.

அகர் நமக்கும் புதியதன்று. தமிழகத்திலும் இலங்கையிலும் இசுலாமியர் இல்லங்களில் நோன்புக் காலத்தில் செய்யும் கடற்பாசிக் களி இதுவேதான். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய கடலில், மரிக்கொழுந்துப் பாசி என்று வழங்கும் பாசியை மீனவப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பறித்து வருகிறார்கள். காய்ந்த அப்பாசி அகர் எடுக்கும் ஆலைகளுக்குச் செல்கிறது. அக்கடற்பகுதி 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின்னர், அவர்கள் தொழில் தடைகளுக்கும் அச்சத்துக்கும் நடுவில் நடக்கும் தொழிலாகிவிட்டது. ஆய்வுக்கூடத்து மேசைமீது தூய வெள்ளைப் பொடியாக வந்து சேரும்போது அகரில் அந்த உப்புநீரின் மணம் இருப்பதில்லை.

கஞ்சி போட்ட சட்டை

நுண்ணுயிரைப் பிடித்துவைத்த களி, புரதத்தைப் பிடிக்க வந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். அதற்கு முன் 1937இல், சுவீடனின் உப்சாலா நகரில் ஆர்னே திசெலியஸ், மின்புலத்தில் புரதங்கள் வெவ்வேறு வேகத்தில் நகர்வதைக் கொண்டு அவற்றைப் பிரித்துக் காட்டியிருந்தார். எலக்ட்ரோஃபோரெசிஸ் எனப்படும் இம்மின்பிரிப்பு முறைக்காக 1948இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் அவர் கருவி மிகப் பெரியது, விலை மிகுந்தது. நீரில் பிரிந்தவை மீண்டும் கலந்துவிடாமல் காப்பதும் கடினம். சீரத்தில் அது காட்டியவை அல்புமினும் மூன்று குளோபுலின் தொகுதிகளுமே.

1954ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கனடாவின் டொராண்டோ நகரில் ஆலிவர் ஸ்மித்திஸ் என்ற இளைஞர் இன்சுலினைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் பயன்படுத்திய வடிதாளில் இன்சுலின் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. ஈர மாவுமணிகளைப் பரப்பி அதில் புரதத்தைப் பிரிக்கும் வேறொரு முறையை அவர் கேள்விப்பட்டுப் பார்க்கச் சென்றார். அதில் ஒட்டும் தொல்லை இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் மாவைப் பல துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு புரதம் இருக்கிறதென்று தனித்தனியே அளக்க வேண்டும். உதவியாளர் இல்லாத அவருக்கு அது இயலாத வேலை.

அப்போது அவருக்குத் தம் சிறுவயது நினைவு வந்தது. இங்கிலாந்தின் யார்க்ஷயரில், தந்தையின் சட்டைகளுக்குத் தாய் கஞ்சி போடும்போது அவர் உடனிருந்து உதவியவர். சூடாக இருக்கையில் ஓடும் கஞ்சி, ஆறியதும் களியாக இறுகியது அவருக்கு நினைவிருந்தது. மாவை மணிகளாக வைக்காமல் காய்ச்சிக் களியாக்கினால், அதை நறுக்காமல் அப்படியே சாயத்தில் தோய்த்துப் புரதத்தைப் பார்த்துவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. செய்து பார்த்தார். சீரத்தை வைத்தபோது, முன்பு சில பட்டைகளே தெரிந்த இடத்தில் பத்துக்கும் மேற்பட்ட பட்டைகள் வரிவரியாகத் தெரிந்தன. 1955இல் அம்முடிவுகள் வெளிவந்தன.

அது ஏன் நிகழ்ந்தது என்பது முக்கியமானது. வடிதாள் புரதங்களை அவற்றின் மின்னேற்றத்தைக் கொண்டு மட்டுமே பிரித்தது. கஞ்சிக் களியோ ஒரு சல்லடையாகவும் வேலை செய்தது. சிறிய புரதம் கண்களின் வழியே விரைந்து நழுவ, பெரிய புரதம் தடுமாறிப் பின்தங்கியது. மனிதருக்கு மனிதர் சீரத்தின் புரதங்கள் பரம்பரையாக வேறுபடுவதையும் ஸ்மித்திஸ் இவ்வழியாகவே கண்டார்.

கஞ்சி நாளுக்கு நாள், மூட்டைக்கு மூட்டை மாறும் பொருள். 1959இல் ரேமண்டும் வெய்ன்ட்ராபும் பாலிஅக்ரிலமைடு என்னும் செயற்கைக் களியைக் கொண்டுவந்தனர். அதன் வலைக்கண்ணை வேண்டிய அளவுக்குச் சிறிதாக்கவோ பெரிதாக்கவோ முடிந்தது. 1961இல் உப்சாலாவின் ஹியெர்டேன் அகரைத் தூய்மைப்படுத்திக் கிடைத்த அகரோஸை மின்பிரிப்புக்குக் கொண்டுவந்தார். 1970இல் கேம்பிரிட்ஜில் லேம்லி வெளியிட்ட முறை இவ்வழியை நிலைநிறுத்தியது. சலவைக்கும் குளியலுக்குமான நுரைப்பொருள்களில் சேரும் எஸ்.டி.எஸ். என்ற வேதிப்பொருளால் எல்லாப் புரதங்களையும் மடிப்பு அவிழ்த்து, அளவுக்கேற்ற எதிர்மின்னேற்றம் கொடுத்து ஓடவிட்டார். அதன்பின் களியில் புரதம் சென்ற தூரமே அதன் பருமனைச் சொல்லிற்று. அறிவியல் இலக்கியத்தில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளை 2014இல் வரிசைப்படுத்தியபோது, லேம்லியின் கட்டுரை இரண்டாம் இடத்தில் இருந்தது.

சாயத்தின் பெயரில் ஒரு நகரம்

களி புரதத்தைப் பிடித்து வரிசைப்படுத்தியது. ஆனால் பட்டை பட்டையாகப் பிரிந்த பின்னும் புரதம் நிறமற்றதே. அதைக் காட்டிக்கொடுக்கச் சாயம் வேண்டும்.

ஆட்டு மயிரும் புரதமே. கம்பளியில் பற்றும் சாயம் களியில் இருக்கும் புரதத்திலும் பற்ற வேண்டும் என்பது எளிய தருக்கம். 1963இல் ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில் ஃபசேகஸ் தெ செயின்ட் குரோத்தும் அவருடன் பணியாற்றியவர்களும் கம்பளிச் சாயம் ஒன்றைப் புரதத்தைக் காட்டவும் அளக்கவும் பயன்படுத்தினர். அடர்ந்த நீல நிறம் கொண்ட அதன் பெயர் கூமாசி பிரில்லியன்ட் ப்ளூ. பாலிஅக்ரிலமைடு களிக்கு அது மிகவும் பொருந்தியது. 1976இல் பிராட்ஃபோர்டு அதே குடும்பத்துச் சாயத்தைக் கொண்டு கரைசலிலேயே புரதத்தின் அளவைக் காணும் முறையை வெளியிட்டார். மேற்சொன்ன வரிசையில் மூன்றாம் இடம் அக்கட்டுரைக்கு.

உலகில் எந்த உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றாலும் இச்சொல் காதில் விழும். ‘களியைக் கூமாசியில் போடு’ என்று ஆசிரியர் சொல்ல, மாணவர் போடுவார். கூமாசி என்பது ஓர் ஊரின் பெயர் என்பது அங்கே அரிதாகவே பேசப்படும்.

இன்றைய கானா நாட்டின் குமாசி நகரமே ஆங்கிலேயர் எழுத்தில் கூமாசி ஆனது. அசாந்தே அரசின் தலைநகர் அது. 1874இல் வுல்ஸ்லி தலைமையில் வந்த பிரித்தானியப் படை அதனுள் புகுந்து எரித்தது. 1896இல் மீண்டும் படை வந்தது. எதிர்த்துப் போரிடாத அரசர் பிரெம்பே சிறைபிடிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். 1900இல் அசாந்தேயரின் பொன் இருக்கையைக் கேட்டு ஆங்கிலேய ஆளுநர் வந்தபோது, யா அசந்தேவா என்ற அரசித்தாய் மக்களைத் திரட்டிப் போரிட்டார், அவரும் சிறைபிடிக்கப்பட்டு செய்செல்ஸ் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார், அங்கேயே இறந்தார். பிரெம்பே 1924இல்தான் ஊர் திரும்பினார்.

இந்தப் படையெடுப்புகளின் செய்தி இங்கிலாந்தில் பரவியிருந்த அந்நூற்றாண்டின் இறுதியில், மான்செஸ்டரை அடுத்த பிளாக்லியில் இருந்த லெவின்ஸ்டீன் என்னும் சாய நிறுவனம் தன் கம்பளிச் சாயங்களின் வரிசை ஒன்றுக்குக் கூமாசி என்று வணிகப்பெயர் சூட்டியது. நாம் இன்று களியில் பயன்படுத்தும் நீலம் 1913இல் ஜெர்மனியில் உருவாக்கப்பட்டது. வணிகத்தின் வழியே அதற்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. குமாசிக்கு அருகிலுள்ள போன்வயர் என்னும் ஊர், பல வண்ண நூல்களால் நெய்யப்படும் கென்டே துணிக்குப் பெயர்பெற்றது. நிறத்தையும் நெசவையும் அறிந்த ஒரு நாட்டின் தலைநகர், தான் உண்டாக்காத ஒரு சாயத்துக்குப் பெயராக வழங்கிவருகிறது. ஃபானி ஹெஸ்ஸவுக்குச் செயல் இருந்தது, பெயர் நிற்கவில்லை. குமாசிக்கோ பெயர் நின்றது, அதன் கதை நிற்கவில்லை.

நீலத்திலிருந்து ஒளிக்கு

கூமாசி நீலம் சில பத்து நானோகிராம் அளவு வரை புரதத்தைக் காட்டும். அதற்கும் குறைந்தவற்றைக் காண, 1979இல் புகைப்படக் கலையை ஒத்த வெள்ளிச் சாயமுறை வந்தது. புரதத்தில் பற்றிய வெள்ளி அயனிகள் உலோகமாகக் கறுத்து, ஒரு நானோகிராம் அளவையும் காட்டிற்று. ஆனால் சாயம் எதுவாயினும் அதற்கு ஓர் இயல்பு உண்டு. எல்லாப் புரதத்தையும் ஏறத்தாழ ஒன்றாகவே அது தொடும். ஆயிரம் பேர் நிற்கும் கூட்டத்தில் ஆள் நிற்கிறார் என்று சொல்லும். இன்னார் நிற்கிறார் என்று சொல்லாது.

இன்னாரைச் சுட்ட எதிர்ப்பொருள் துணைக்கு வந்தது. நம் உடல் ஒவ்வோர் அயற்பொருளுக்கும் அதை மட்டுமே அடையாளம் காணும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. 1941இல் ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ், எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தை வேதிமுறையில் பிணைத்தார். எதிர்ப்பொருள் தன் இலக்கைத் தேடிப் பற்ற, பற்றிய இடம் ஒளிர்ந்தது.

உடனொளிர்வு எனப்படும் இவ்வொளியை மனிதர் கண்டு வியந்தது அதற்கும் நெடுநாள் முன்னரே. மெக்சிகோவிலிருந்து ஸ்பெயினுக்கு வந்த ஒரு மருந்துக் கட்டையை நீரில் இட்டால் நீர் நீலமாகத் தோன்றுவதை 1565இல் மொனார்தஸ் எழுதிவைத்தார். 1852இல் கேம்பிரிட்ஜில் ஸ்டோக்ஸ், சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, அதனூடே கொய்னாக் கரைசல் நிறைந்த குழலை நகர்த்திச் சென்றார். ஊதாவையும் கடந்து, கண்ணுக்கு ஒளியே இல்லாத இடத்தை அடைந்தபோது குழல் நீலமாக ஒளிர்ந்தது. காணா ஒளியை விழுங்கி, காணும் ஒளியை அது உமிழ்ந்தது. ஒளியூட்டலை நிறுத்திய உடனே அணைந்துவிடுவதால் தமிழில் உடனொளிர்வு என்ற பெயர் பொருந்துகிறது.

ஆயினும் கூன்ஸ் பயன்படுத்தியவை போன்ற கரிமச் சாயங்கள் நெடுநேரம் ஒளியில் நிற்பதில்லை. வெயிலில் உலர்த்திய துணி வெளுப்பதுபோல நோக்க நோக்க மங்கிவிடும். இதற்கு மாற்று எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1981இல் லெனின்கிராடில் எகிமோவ், வண்ணக் கண்ணாடிக்குள் உருவாகும் செம்புக் குளோரைடு நுண்படிகங்களின் பருமன் மாறினால் அவை விழுங்கும் ஒளியும் மாறுவதைக் கண்டார். 1983இல் அமெரிக்காவில் புரூஸ் கரைசலில் மிதக்கும் துகள்களில் அதையே கண்டார். 1993இல் பவெண்டியும் மாணவர்களும் அத்துகள்களை ஒரே பருமனாகச் செய்யக் கற்றனர். பொருள் ஒன்றே, இரண்டு நானோமீட்டர் அளவில் நீலமாகவும், ஆறு நானோமீட்டரை நெருங்கும்போது சிவப்பாகவும் ஒளிரும். குவாண்டம் புள்ளிகள் எனப்பட்ட இவற்றுக்காக மூவருக்கும் 2023இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1998 செப்டம்பரில் இரண்டு குழுக்கள் ஒரே இதழில், இப்புள்ளிகளை உயிரணுவின் உறுப்புகளைக் காட்டும் அடையாளமாகப் பயன்படுத்தலாம் என்று காட்டின. அவை கரிமச் சாயங்களைவிட நெடுநேரம் மங்காமல் நின்றன. ஆனால் அவற்றுள் காட்மியம் என்னும் நச்சு உலோகம் இருந்தது. 2004இல் இன்னொரு துகள் தற்செயலாக வந்து சேர்ந்தது. கரிப்புகையிலிருந்து கிடைத்த நானோகுழல்களைத் தூய்மைப்படுத்த, தென் கரோலினாவில் ஒரு குழு அகரோஸ் களியில் மின்பிரிப்பு செய்தது. எதிர்பாராமல் களியில் ஒளிரும் பட்டைகள் ஓடின. இன்று கார்பன் புள்ளிகள் என வழங்கும் துகள்களின் தொடக்கம் அது. ஃபானி ஹெஸ்ஸவின் அகர் வழியே வந்த களிதான் அங்கும் அவற்றைப் பிடித்து நிறுத்திக் காட்டியது.

களிக்குள் காத்திருக்கும் துகள்

இதுவரை நாம் கண்ட முறைகளில் புரதத்தைக் களிக்குள் ஓட்டி, பிறகு சாயத்தையோ துகளையோ தேடி அனுப்பினோம். வரிசையைத் திருப்பிப் போட்டால் என்ன? துகளை முதலிலேயே களிக்குள் பதித்துவிட்டு, புரதம் தானே வந்து சேரும்வரை காத்திருந்தால்?

இதற்கு உடலோடு பகைக்காத களி வேண்டும். அவ்வழியைத் திறந்தவர்கள் செக் நாட்டின் ஓட்டோ விக்டெர்லேயும் லீமும். நீரை ஏற்கும் களிகளை உடலுக்குள் பயன்படுத்தலாம் என்று அவர்கள் 1960இல் எழுதினர். அரசியல் காரணத்தால் பேராசிரியர் பணியிலிருந்து நீக்கப்பட்டிருந்த விக்டெர்லே, 1961 கிறிஸ்துமஸ் நாள்களில் தம் வீட்டு மேசையில், பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டுமானப் பொருள்களையும் மிதிவண்டி டைனமோவையும் இணைத்து ஒரு பொறி செய்து, மென்மையான கண்வில்லைகளை வார்த்தெடுத்தார். நீர்க்களி மனித உடலில் இடம்பிடித்த கதையும் ஒரு வீட்டிலிருந்தே தொடங்குகிறது.

2002இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில், ஒற்றைச்சுவர் கார்பன் நானோகுழல்கள் அகச்சிவப்பை ஒட்டிய ஒளியை உமிழ்வது கண்டறியப்பட்டது. அவ்வொளிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு: தோலும் இரத்தமும் அதைப் பெரிதும் தடுப்பதில்லை. எம்.ஐ.டி.யில் மைக்கேல் ஸ்ட்ரானோவின் குழு இதைப் பற்றிக்கொண்டது. 2011இல் அவர்கள் நானோகுழல்களைக் கைட்டோசானில் பொதிந்து புள்ளிகளாக இட்டு, ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு புரதம் வந்து பிணைவதை, ஒற்றை மூலக்கூறு அளவு வரை, அறிந்தனர். அம்முறையில், தேடப்படும் புரதத்தின்மீது எந்தச் சாயத்தையும் பூச வேண்டியதில்லை. 2013இல் ஆல்ஜினேட் களிக்குள் வைத்த நானோகுழல்கள் எலியின் தோலுக்கடியில் 400 நாள்களுக்கு மேல் ஒளிர்ந்து நின்றன. அங்கே அவை தேடியது புரதத்தை அன்று, நைட்ரிக் ஆக்சைடை. 2016இல் கரைசலில் செய்த சோதனையில், எதிர்ப்பொருளின் துணையின்றியே, இரத்த உறைவுக்கு வேண்டிய ஃபைப்ரினோஜென் என்னும் புரதத்தை நானோகுழலின் மேற்பூச்சு மட்டுமே இனங்கண்டு ஒளி மங்கியது. கைட்டோசான் இறால், நண்டு ஓடுகளிலிருந்தும், ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்தும் கிடைக்கின்றன. கடல் இன்னமும் இக்கதையை விட்டுப் போகவில்லை.

இம்முறையின் இடர்களையும் சொல்லியாக வேண்டும். நானோகுழல் நீளமானது, களியின் வலையை விட்டு வெளியேறாது. ஆனால் புரதம் உள்ளே வர வேண்டுமே. அல்புமின் சில நானோமீட்டர் அளவினது. ஃபைப்ரினோஜென் ஏறத்தாழ 45 நானோமீட்டர் நீளம். கண் சிறிதானால் தேடும் புரதமே வாசலில் நின்றுவிடும். பெரிதானால் துகள் நழுவும். அதைவிடப் பெரிய இடர் வேறொன்று. இரத்தத்தில் மிகுந்திருக்கும் பிற புரதங்களும் துகளின்மேல் ஒட்டும். ஒளி மங்கினால் நாம் தேடியவர்தாம் வந்தார் என்று எப்படி உறுதி கூறுவது?

இலக்கியம் கற்றவர்களுக்கு இக்கேள்வி பழக்கமானது. பழைய பாட்டை நாம் உரையாசிரியர் வழியாகவே படிக்கிறோம். அவர் காட்டாவிட்டால் பாதிப் பாட்டு நமக்கு இருள். ஆனால் நாம் காண்பது பாட்டின் நிறமா, உரையின் நிறமா என்ற ஐயமும் உடனிருக்க வேண்டும். ஆய்வாளர் இதற்காகவே, தேடும் புரதம் அறவே இல்லாத களியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார். ஒத்த தோற்றமுடைய வேறு புரதங்களை வேண்டுமென்றே உள்ளே விட்டுச் சோதிக்கிறார். நோயாளி ஒருவரின் இதயமோ சிறுநீரகமோ பழுதா இல்லையா என்பது அந்த ஒளியின் சொல்லில் தங்கப்போகும் நாளில், இந்த ஐயம்தான் அவருக்குக் காப்பு.

சொல்ல வேண்டிய கடன்

புரதத்தைக் காட்ட வந்த ஒவ்வொரு பொருளும் எங்கிருந்தோ வந்தது. யாரோ கையில் இருந்தது. அகர் கடலிலிருந்தும் ஒரு பெண்ணின் அடுக்களையிலிருந்தும் வந்தது. நீலம் கம்பளி ஆலையிலிருந்து, எரிக்கப்பட்ட ஒரு நகரின் பெயரைச் சுமந்து வந்தது. ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் அவை தூய்மையடைந்து, எண்ணும் குறியீடும் ஒட்டிய புட்டிகளாகிவிடுகின்றன. பயன்பாட்டுக்கு அதுவே போதும். வரலாற்றுக்குப் போதாது.

இவ்விடத்தில் ஆலிவர் ஸ்மித்திஸை மீண்டும் நினைத்துக்கொள்கிறோம். 2007இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது கஞ்சிக் களிக்காக அன்று; மரபணுவைத் திருத்தும் முற்றிலும் வேறான ஓர் ஆய்வுக்காக. ஆயினும் அன்றைய உரையில் அவர் தம் பழைய ஆய்வேடுகளின் பக்கங்களைத் திருப்பி, கஞ்சிக் களியின் கதையையும் சொன்னார். 2017இல் மறையும் வரை, அக்கதை வந்தபோதெல்லாம் தாய்க்குக் கஞ்சி போட உதவிய நாளையும் சேர்த்துச் சொல்வது அவர் வழக்கம். கோக் எழுதாமல் விட்ட ஒற்றை வரிக்கும் இதற்கும் இடையே உள்ள தொலைவை நம் வகுப்பறைகளில் மாணவருக்குச் சொல்லலாம். அடுத்த முறை ஒரு மாணவி களியை நீலச் சாயத்தில் இடும்போது, குமாசி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் ஒருமுறை தேடிப் பார்த்தால் நல்லது.